இல்லை என்பதற்கு எது பிரமாணம்?

தமிழ்நாட்டு வருவாய்த் துறை இ-சேவை மையம் வழியாகக் கொடுக்கும் சான்றிதழ்களில் சாதி, வருமானம், இருப்பிடம் ஆகிய மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதே பட்டியலில் இன்னும் சில உண்டு: வேலையில்லாதவர் சான்று, ஆண் குழந்தை இல்லை என்ற சான்று, திருமணமாகாதவர் சான்று. முன்னவை ஒன்று இருக்கிறது என்று சொல்கின்றன. பின்னவை ஒன்று இல்லை என்று சொல்கின்றன. இரண்டுக்கும் அதே கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), அதே வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), அதே தாலுகா ஆபீஸ். நடைமுறை ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே வகை அறிவு என்று நினைத்துவிடுகிறோம். ஊரோடு இருப்பவருக்குத் திருமணமாகாதவர் சான்று எப்போதோதான் தேவைப்படும். பாரிஸிலோ பெர்லினிலோ இருந்துகொண்டு கல்யாணத்தைப் பதிவு செய்யப் போகிறவருக்கு அது இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. உனக்கு இதற்கு முன் கல்யாணம் ஆகவில்லை என்று உன் நாடு எழுதித் தரட்டும் என்கிறது அங்கே இருக்கும் அலுவலகம். அலைச்சலும் செலவும் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கோரிக்கைக்குள் நம்முடைய தருக்க நூல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்த ஒரு கேள்வி இருக்கிறது. நடக்காத ஒன்றை, நடக்கவில்லை என்று யார், எதைக் கொண்டு அறிகிறார்கள்?

நூல்கள் இதற்குக் காட்டும் உதாரணம் எளிமையானது: தரையில் குடம் இல்லை. குடம் இருந்தால் கண்ணில் படும். இல்லாத குடம் எதில் படுகிறது? குமாரிலரின் வழிவந்த மீமாம்சகர்கள், காணாமையே ஒரு தனிப் பிரமாணம் என்றார்கள். அநுபலப்தி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிரபாகரரோ, வெறுந்தரையைப் பார்க்கிறோம், அதற்குமேல் இன்மை என்று ஒரு பொருள் கிடையாது என்றார். நையாயிகர்கள் இன்மையும் ஒரு பொருளே, கண்ணே அதைக் காண்கிறது என்றார்கள். பௌத்தரான தர்மகீர்த்தி அதை அனுமானத்தில் அடக்கினார். தமிழுக்கும் இந்த விவாதம் புதிதல்ல. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை, வியாசர் பத்து அளவைகளையும் சைமினி ஆறு அளவைகளையும் கொண்டார்கள் என்று கணக்குச் சொல்லி, அபாவத்தையும் எண்ணுகிறது. சிவஞான சித்தியாரின் அளவை இயலில் அருணந்தி சிவாசாரியார் அபாவத்தைப் பெயர் சொல்லி வைத்து, பிறகு எல்லாவற்றையும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் ஒடுக்குகிறார். இத்தனை சண்டையிலும், காணாமையை வைத்து இன்மையை அறியலாம் என்ற பேச்சு வரும்போது ஒரு நிபந்தனையை எந்தத் தரப்பும் விடுவதில்லை. வெறும் காணாமை எதையும் நிரூபிக்காது. இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று சொல்லக்கூடிய இடத்தில் காணாமல் இருப்பதுதான் நிரூபிக்கும். இருட்டறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குடம் இல்லை என்று சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லப்படும் பிசாசைக் காணவில்லை என்பதால் பிசாசு இல்லை என்று ஆகிவிடாது. இதை யோக்கியாநுபலப்தி என்பார்கள். தகுதியுள்ள காணாமை என்று தமிழில் சொல்லலாம். இன்மைக்குச் சான்று கேட்கும்போது, பார்க்கிற கண்ணின் தகுதிக்கும் அங்கே இருக்கிற வெளிச்சத்துக்கும்தான் நாம் சான்று கேட்கிறோம்.

இந்த நிபந்தனையை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குள் போவோம். மனுதாரரின் பெயர் அப்பா அம்மாவின் குடும்ப அட்டையில் இருக்கிறதா என்று விஏஓ பார்க்கலாம். தெருவில் நான்கு பேரைக் கேட்கலாம். பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான், இன்னும் பெண் பார்க்கவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். ஊரில் கல்யாணம் நடந்திருந்தால் ஊருக்குத் தெரிந்திருக்கும் என்பது நியாயமான தகுதிதான். பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, மண்டபத்தில் நடக்கும் கல்யாணம் யார் கண்ணிலும் படாமல் போகாது. ஆனால் பன்னிரண்டு வருஷமாக ஊரில் இல்லாத ஒருவரைப் பற்றி அந்தத் தெருவுக்கு என்ன தெரியும்? டொராண்டோவில் அவர் என்ன செய்தார் என்பது அம்பாசமுத்திரத்துக்குத் தெரியாது. அம்பாசமுத்திரத்தில் அவருடைய பதினெட்டு வயதில் நடந்தது டொராண்டோவுக்குத் தெரியாது. ஒவ்வொரு பதிவேடும் தன் எல்லைக்குள் இருக்கும் தரையை மட்டும் பார்க்கிறது. வெளிநாட்டில் வாழ்கிறவரின் வாழ்க்கை இரண்டு மூன்று நாடுகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. எல்லாத் துண்டையும் ஒருசேரப் பார்க்கும் அலுவலகம் உலகத்தில் எங்கும் கிடையாது.

எல்லாத் துண்டையும் பார்த்தவர் ஒருவர்தான் உண்டு. சம்பந்தப்பட்ட அந்த ஆளே அவர். தனக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் தனக்குத் தெரிந்திருக்கும். நினைவு தெரியாத வயதில் நடத்திவைக்கப்பட்ட குழந்தைத் திருமணத்தை விட்டுவிட்டால், இந்த விஷயத்தில் தகுதியுள்ள காணாமை முழுமையாக அமைவது அவரிடம் மட்டுமே. அப்படியிருக்க அலுவலகம் கடைசியாக நம்புவது அவரை. காரணம் புரியாததல்ல: அவர் பொய் சொல்லக்கூடும். நம் மரபு, உரையைப் பிரமாணமாக ஏற்கும்போது உரைப்பவரிடம் இரண்டு குணம் கேட்டது. உள்ளதை உள்ளபடி அறிந்தவராக இருக்க வேண்டும். அறிந்ததை ஒளிக்காமல் சொல்கிறவராகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவரை ஆப்தன் என்றார்கள். இந்த இரண்டில் இரண்டாவதன் மேல் அலுவலகத்துக்குச் சந்தேகம். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அது தேடிப் போவதோ, முதல் குணமே இல்லாத மனிதர்களை. அறிந்தவர் பொய் சொல்லலாம் என்ற பயத்தில் அறியாதவரிடம் எழுதி வாங்குகிறோம். அறியாதவர் நேர்மையானவராகவே இருந்தாலும் அவரால் தர முடிந்தது அறிவு ஆகாது, அறியாமைக்குப் போட்ட கையெழுத்து. எனக்கு இதில் உறுத்துவது இதுதான். பொய்யைத் தடுக்கும் வழி, பொய்க்குத் தண்டனை வைப்பது. தெரியாதவர் வாயில் உண்மையைத் திணிப்பது அல்ல.

தமிழில் பிரமாணம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை இங்கே கவனிக்க வேண்டும். அறிவுக்கான வழியும் பிரமாணம்; சத்தியம் செய்து கொடுப்பதும் பிரமாணம். நீதிமன்றத்தில் கொடுக்கும் தாளைத் தமிழ்நாட்டில் பிரமாணப் பத்திரம் என்கிறோம், இலங்கையில் சத்தியக் கடதாசி என்கிறார்கள். மொழி தற்செயலாக இரண்டையும் ஒரே கூட்டில் வைத்திருக்கலாம். ஆனாலும் ஒருவரின் அந்தரங்க இன்மையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்: அவர் சத்தியம் செய்வதைத் தவிர அங்கே வேறு அறிவு வழி இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு நையாயிகர்கள் இன்மையை வகைப்படுத்திய விதம் விடை வைத்திருக்கிறது. நான்கு வகை சொன்னார்கள். அவற்றில் இரண்டு நமக்கு வேண்டும். குடம் வனைவதற்கு முன் மண்ணில் குடம் இல்லாதிருந்தது பிராகபாவம், அதாவது முன்னின்மை. குடம் உடைந்த பிறகு இல்லாமல் போனது பிரத்துவம்சாபாவம், அழிந்த பின் வரும் இன்மை. முன்னின்மைக்குத் தொடக்கம் கிடையாது, முடிவு உண்டு. அழிந்த பின் இன்மைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. இதைக் கல்யாணத்தில் பொருத்திப் பார்த்தால் அலுவலகக் குழப்பம் முழுவதும் விளங்கிவிடும். கணவரை இழந்தவரிடம் இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. மணமுறிவு பெற்றவரிடம் நீதிமன்றத் தீர்ப்பாணை இருக்கிறது. அவர்களுடைய இன்மை ஒரு குறிப்பிட்ட நாளில் தொடங்கியது. நாள் இருப்பதால் தாள் இருக்கிறது. கல்யாணமே ஆகாதவரின் இன்மை எந்த நாளிலும் தொடங்கவில்லை. நிகழ்ச்சி இல்லாததால் தேதி இல்லை, தேதி இல்லாததால் பதிவு இல்லை. மேலும் அது எந்த நிமிஷமும் முடியக்கூடிய இன்மை. அதனால்தான் இந்தச் சான்றுகளுக்கு மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஆயுள் வைக்கிறார்கள். போன மாதம் வாங்கிய தாள் இன்று காலை அந்த நபர் மாலை மாற்றிக்கொண்டாரா என்பதைச் சொல்லாது. வெளிநாட்டு அலுவலகத்துக்கு உண்மையில் தெரிய வேண்டியது, இப்போது உயிரோடிருக்கும் கணவனோ மனைவியோ இல்லை என்பது மட்டுமே. முந்தைய கல்யாணத்தைப் பொறுத்தவரை இந்து திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவும் அவ்வளவுதான் கேட்கிறது. ஒருபோதும் ஆனதில்லை என்பதை நிரூபிக்கச் சொல்வது தேவைக்கு மிஞ்சிய கேள்வி.

மறுப்பவனிடம் நிரூபணம் கேட்கக் கூடாது என்பது பல மரபுகள் தனித்தனியே வந்து சேர்ந்த முடிவு. சொல்கிறவன்மேல்தான் நிரூபிக்கும் பாரம், மறுப்பவன்மேல் அல்ல என்று ரோமானியச் சட்ட அறிஞர் பவுலுஸ் வகுத்தது ஜஸ்டினியனின் தொகுப்பில் இடம் பெற்றது. இஸ்லாமியச் சட்டம் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்தது: வழக்காடுபவன் சாட்சி கொண்டுவர வேண்டும், மறுப்பவன் சத்தியம் செய்தால் போதும். கூடவே, முன்பு இருந்த நிலை மாறியதற்கு ஆதாரம் வரும்வரை அது தொடர்வதாகவே கொள்ள வேண்டும் என்ற இஸ்திஸ்ஹாப் விதியையும் ஃபிக்ஹு அறிஞர்கள் வளர்த்தார்கள். எல்லோரும் பிறக்கும்போது மணமாகாதவர்கள்தானே. அந்த நிலை மாறியது என்று சொல்ல வருகிறவர் அல்லவா ஆதாரம் காட்ட வேண்டும்? தமிழ்நாட்டில் வேறு மஹல்லாவில் நிக்காஹ் செய்யப் போகிறவருக்குச் சொந்த ஊர் ஜமாஅத் கடிதம் கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்தக் கடிதமும் எங்கள் கணக்கில் தடை எதுவும் இல்லை என்ற அளவில்தான் பேசுகிறது. தன் எல்லை தெரிந்த சான்று அது.

இன்மையைப் பதிவேடு வைத்தே நேர்மையாக நிரூபிக்கும் வழியும் உண்டு. அதை மறைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. கத்தோலிக்கத் திருச்சபை அதற்குச் சிறந்த உதாரணம். 1215-ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம், திருமணத்தை முன்கூட்டியே கோயிலில் அறிவித்து, தடை தெரிந்தவர்கள் சொல்ல அவகாசம் கொடுக்கும்படி விதித்தது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஓலை வாசித்தல் என்று சொல்வது இதைத்தான். மூன்று ஞாயிறு பூசையில் இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் என்று பங்குமக்கள் முன் வாசிப்பார்கள். இருட்டறைக்குள் விளக்கைக் கொண்டுபோய் வைக்கும் செயல் அது. பேச வேண்டியவர் பேச வாய்ப்புக் கொடுத்த பிறகு வரும் மௌனத்துக்குத்தான் மதிப்பு. 1563-இல் திரெந்து சங்கம் பங்குக் குருவும் சாட்சிகளும் இல்லாத இரகசியத் திருமணம் செல்லாது என்றது. 1908 முதல், ஒருவர் எங்கே மணந்தாலும் அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குப் போய், அங்குள்ள ஏட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் குறிக்கப்பட வேண்டும் என்ற விதி வந்தது. அதனால்தான் புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றில் அந்த இடம் காலியாக இருந்தால் அது பேசுகிறது. பிரான்ஸ் அரசும் 1897 முதல் பிறப்புப் பதிவின் ஓரத்தில் திருமணத்தைக் குறித்து வருகிறது. நமக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் வேண்டுமானால் சார்பதிவாளர் ஆபீசில் வாங்கும் வில்லங்கச் சான்றைப் பார்க்கலாம். வில்லங்கம் இருந்தால் படிவம் 15, இல்லையென்றால் படிவம் 16. அந்தப் படிவம் 16 இந்த நிலத்தின் மேல் உலகில் யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்வதில்லை. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன புத்தகங்களில் தேடினோம், பதிவு எதுவும் கிடைக்கவில்லை என்கிறது. எங்கே பார்த்தேன், எதுவரை பார்த்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் இல்லை என்கிறது.

இந்த மூன்று இடத்திலும் காலி இடத்துக்கு வாய் முளைத்ததற்குக் காரணம், நிகழ்ச்சி நடந்தால் இங்கே பதிவாகியே தீரும் என்ற ஏற்பாடு. ஏற்பாடு இல்லாத இடத்துக்கு அதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு போவதுதான் பிழை. சில மாதங்களுக்குள் எடுத்த பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று பிரான்ஸின் நகராட்சி ஒரு தமிழரிடம் கேட்கிறது. பிறந்த தேதி மாறவா போகிறது என்று அவர் திகைக்கிறார். பிரெஞ்சுக்காரருக்கு அந்தச் சான்றின் ஓரம் முக்கியம். அங்கேதான் கல்யாணம் குறிக்கப்படும். பிரெஞ்சு ஆட்சியின் குடிமைப் பதிவு முறையைக் கண்ட புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு இந்த நியாயம் சட்டென்று விளங்கும். கும்பகோணம் நகராட்சி தரும் பிறப்புச் சான்றிலோ ஓரம் எப்போதும் வெறுமைதான். பேரன் பேத்தி எடுத்தவரின் பிறப்புச் சான்றும் அப்படித்தான் இருக்கும். அங்கே வெறுமை எதையும் சொல்லவில்லை. எழுதாத ஊரின் வெற்றுத்தாளை எழுதுகிற ஊரின் வெற்றுத்தாளாக வாசிப்பது, இருட்டறையைக் காலி அறை என்று சொல்வதற்குச் சமம்.

அப்படியானால் நம் நாட்டிலும் எல்லாத் திருமணமும் ஒரே ஏட்டில் ஏறட்டும், பிறகு எவரைப் பற்றியும் ஒரு நொடியில் இல்லை என்று சொல்லிவிடலாமே என்பது வலுவான மறுப்பு. உச்ச நீதிமன்றம் 2006-இல் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் 90 நாளுக்குள் பதியச் சொல்கிறது. பதிவு பெருகுவது நல்லது. கைவிடப்பட்ட பெண்ணின் கையில் ஒரு தாள் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை மறுக்கவே முடியாது. ஆனால் நம் சட்டம் கல்யாணத்தை ஏட்டில் வைக்கவில்லை, மனிதர்களுக்கிடையே வைத்திருக்கிறது. பதியாததால் இந்துத் திருமணம் செல்லாமல் போகாது என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 1967-இல் அண்ணாதுரை அரசு சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் போதும், புரோகிதர் தேவையில்லை. அந்தத் திருமணத்துக்கு ஊரறிந்த அறிவிப்பும் தேவையில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மறுபக்கம், சடங்கு நடக்காமல் பதிவுச் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது இந்துத் திருமணம் ஆகாது என்றும் அதே நீதிமன்றம் 2024-இல் சொன்னது. ஆக, தாள் இல்லாமல் கல்யாணம் இருக்கலாம், கல்யாணம் இல்லாமல் தாளும் இருக்கலாம். இலங்கைத் தமிழர் குடும்பம் ஒன்றின் வழக்கில் 1881-இல் லண்டன் பிரிவி கவுன்சில் எடுத்த நிலையும் நினைவில் வைக்கத்தக்கது: ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால், மாறாகத் தெளிவாக நிரூபிக்கப்படும்வரை அவர்களுக்குத் திருமணம் நடந்ததாகவே சட்டம் கொள்ளும்.

இந்தத் தீர்ப்புகளையும் சட்டங்களையும் சேர்த்து வாசித்தால் ஒன்று புலப்படும். தாள் இல்லாத மனைவியின்மேல் சட்டம் காட்டிய இரக்கமே, தாள் இல்லாத பிரம்மச்சாரியைப் பற்றி உறுதியாகப் பேச முடியாமல் செய்திருக்கிறது. ஏட்டில் இல்லாதது உலகில் இல்லை என்று ஆக்கிவிட்டால் திருமணமாகாதவர் சான்று குற்றமற்றதாகிவிடும். அந்தக் கணமே, ஏட்டில் ஏறாத ஆயிரமாயிரம் பெண்கள் மனைவி அல்லாதவர்களாகிவிடுவார்கள். சாதி மீறி நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டு ஊரைவிட்டு ஓடிய பெண்ணும் அவர்களில் ஒருத்தி. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், சான்றிதழின் உறுதி குறைந்தாலும் அந்தப் பெண்ணின் பக்கம்தான் நிற்பேன்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. ஊரில் மனைவியை விட்டுவிட்டு வெளிநாட்டில் இன்னொருத்தியை மணக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெறும் சத்தியம் ஒரு தடையா? இல்லைதான். அதே ஆள் ஊரில் நான்கு பேரைப் பிடித்துத் திருமணமாகாதவர் சான்றையும் வாங்கிவிடுவார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏமாற்றத் துணிந்தவருக்குத் தாள் கிடைக்கிறது. ஊரில் யாருமற்ற நேர்மையானவருக்குத்தான் கிடைப்பதில்லை. சத்தியம் செய்து சொன்னது பொய்யானால் சட்டம் பிடிக்க ஒரு கை இருக்கிறது: பொய்ப் பிரமாணம் தனிக் குற்றம், வாழ்க்கைத்துணை இருக்கையில் மறுமணம் செய்தால் 7 ஆண்டு வரையும், அதை மறைத்துச் செய்தால் 10 ஆண்டு வரையும் சிறை. விஏஓ தெரியாமல் எழுதியது பொய்யானால் யாரைப் பிடிப்பது? இங்கிலாந்தில் மணமக்கள் தமக்குத் தடையில்லை என்று உறுதிமொழி கொடுக்கிறார்கள், 28 நாள் அறிவிப்புத் தொங்குகிறது, பொய் சொன்னால் 1911-ஆம் ஆண்டுப் பொய்ச்சாட்சிச் சட்டம் காத்திருக்கிறது. கனடாவின் ஒண்டாரியோவிலும் மணமக்கள் வாக்கின்மேல்தான் உரிமம் கொடுக்கிறார்கள். ஒரே யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் அக்கா டொராண்டோவில் ஒரு கையெழுத்தோடு கல்யாணம் செய்துவிடலாம், தம்பி பாரிஸில் மாதக்கணக்கில் தாள் தேடி அலைய நேரலாம். இருவரின் நேர்மையிலும் வித்தியாசம் இல்லை. அறிவிப்புத் தொங்கவிடுவதிலும் ஆபத்து உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 30 நாள் அறிவிப்பு, காதலர்களை வேட்டையாட வரும் உறவினருக்கு முகவரி கொடுப்பதாக ஆகிவிட்டது. அறிவிப்பைக் கேட்டுப் பேசும் உரிமை, உயிரோடிருக்கும் வாழ்க்கைத்துணைக்கு இருக்கட்டும். அப்பாவுக்கும் சாதிச் சங்கத்துக்கும் வேண்டாம்.

இத்தனை அலைச்சலுக்குப் பிறகு கையில் வரும் தாளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். நடுவில், எனக்குத் திருமணம் ஆகவில்லை என்று மனுதாரரோ, என் மகனுக்கு ஆகவில்லை என்று தாயோ சொன்ன இரண்டு வரி. அதன் கீழே நோட்டரியின் வட்ட முத்திரை. அதன் பக்கத்தில், நோட்டரியின் கையெழுத்து உண்மை என்று மாநில அரசின் பச்சை மை. அதன் பின்புறம், மாநில அதிகாரியின் கையெழுத்து உண்மை என்று வெளியுறவு அமைச்சகம் ஒட்டிய அப்போஸ்டில். 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி அப்போஸ்டில் கையெழுத்துக்கும் பதவிக்கும் முத்திரைக்கும் மட்டுமே சான்று. உள்ளே எழுதியது உண்மையா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்தின முத்திரையைத்தான் பார்க்கிறது. கல்யாணம் ஆகவில்லை என்று அந்தத் தாளில் தெரிந்து சொன்னவர் ஒருவரே; அத்தனை முத்திரைக்கும் அடியில் அவருடைய சத்தியம் கிடக்கிறது. கடைசியில் நம்பப்போவது அதைத்தான் என்றால், தொடக்கத்திலேயே ஏன் நம்பக் கூடாது?

சொல்லை நம்ப மறுக்கும் அலுவலகம் எதுவரை போகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடிய சான்று இருக்கிறது. 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தில், அங்கே ஒருவரை மணப்பதற்காக வந்திறங்கிய ஓர் இந்தியப் பெண்ணின் வார்த்தையைக் குடியேற்ற அதிகாரிகள் நம்பவில்லை. அவள் உண்மையிலேயே மணமாகாதவள்தானா என்று கண்டறிய மருத்துவரைக் கொண்டு அவளுக்குக் கன்னித்தன்மைச் சோதனை நடத்தினார்கள். செய்தி வெளியாகி, இந்திய அரசு கண்டித்து, அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. அது ஒரு முறை மட்டும் நடந்ததல்ல என்பதைப் பின்னாளில் வெளிவந்த அரசு ஆவணங்கள் காட்டின. மனிதாபிமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். அறிவு என்ற முறையிலேயே அது பிழை. திருமணம் உடம்பில் இருக்கும் பொருள் அல்ல. அங்கே தேடிக் காணாததாலோ கண்டதாலோ எதுவும் நிரூபணமாகாது. இன்மைக்கு எப்படியாவது ஆதாரம் வேண்டும் என்ற வெறி, தேடக் கூடாத இடத்தில் கையை நீட்டியது. பெண்ணைப் பற்றி ஊரில் விசாரிக்கப் போகும்போதும் இதே சரிவு காத்திருக்கிறது: கல்யாணம் ஆயிற்றா என்று தொடங்கும் கேள்வி, அவள் எப்படிப்பட்டவள் என்று முடிகிறது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

சட்டங்களுக்கு இந்த உண்மை தெரியாமல் இல்லை. ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 1309-ஆம் பிரிவு வெளிநாட்டவரிடம் திருமணத் தகுதிச் சான்று கேட்கிறது. அந்தச் சான்றையே தராத நாட்டவருக்கு உயர் நீதிமன்றத் தலைவர் விலக்கு அளிக்கலாம் என்றும் சொல்கிறது. ஆவணம் கிடைக்காவிட்டால், அல்லது பெரும்பாடுபட்டால்தான் கிடைக்கும் என்றால், சத்தியத்துக்கு ஈடான உறுதிமொழியைப் பதிவாளர் ஏற்கலாம் என்று அந்நாட்டுப் பதிவுச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. மணமுறிவு பெற்ற ஒரு ஜெர்மானியப் பெண்ணை மணக்க ஒரு ஸ்பானியருக்கு அவர் நாடு தகுதி தராதபோது, திருமண உரிமை வெளிநாட்டவருக்கும் உண்டு என்று 1971-இல் ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 25-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சொந்த நாட்டு அலுவலகத்தை அணுக முடியாத அகதிக்கு, அந்த நாடு தந்திருக்க வேண்டிய ஆவணத்தைத் தஞ்சம் கொடுத்த நாடே தர வேண்டும். மாறாக நிரூபணம் வரும்வரை அதை நம்ப வேண்டும். போருக்குத் தப்பிக் கொழும்பின் தூதரகப் படியை மிதிக்க அஞ்சும் ஒரு தமிழருக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் எழுதப்பட்டிருக்க முடியாது. இந்தியாவும் இலங்கையும் அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நார்வே நான்கும் சேர்ந்திருக்கின்றன.

ஆகவே நம் தூதரகங்களுக்கும் தாலுகா ஆபீஸ்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருமணமாகாதவர் என்று மொட்டையாக எழுதாதீர்கள். படிவம் 16 எழுதுவதுபோல, இன்ன ஏட்டில், இன்ன காலத்துக்குத் தேடினோம், கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டுப் பதிவாளர்களிடமும் ஒன்று கேட்கலாம். மற்ற தாள் எல்லாம் தீர்ந்த பிறகு வேண்டாவெறுப்பாகக் கோப்பின் கடைசியில் செருகும் அந்தச் சத்தியக் கடதாசியை முதல் தாளாக எடுத்து வையுங்கள். அதை எழுதியவருக்குத் தெரிந்தது வேறு எந்த அலுவலகத்துக்கும் தெரியாது.